திறக்க இயலாத கோப்பைத் திறந்துவிட்டோம்: அணுமின் நிலைய ஆவணப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அணுமின் நிலையங்களில் ஆவணக் காப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

“தாங்கள் கோரிய கோப்பு பாதுகாப்பாக உள்ளது. எனினும் அது தற்போது திறக்க இயலாத நிலையில் உள்ளது.” உலைக்குள் நான் வாங்கிய கதிர்வீச்சின் பழைய கணக்கைக் கேட்டு எழுதியதற்குச் சென்ற மாதம் எனக்கு வந்த பதிலின் முழு வாசகமும் இவ்வளவுதான். கூடவே உறைக்குள் ஒரு சி.டி. கடிதத்தை இரண்டு முறை எனக்குள் படித்தேன். மூன்றாம் முறை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “யாரிடமிருந்து பாதுகாப்பாம்?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். எந்த நிலையம் என்பதும் தெரியும். ஆகவே அதன் பெயரை இங்கே எழுதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வரைவாளராக இருந்து 2013இல் ஓய்வுபெற்றேன். வரைவாளன் என்றால் பலகையும் பென்சிலும் தவிர வேறெதையும் தொடாதவன் என்று நினைப்பார்கள். உலையை நிறுத்திவைக்கும் ஷட்டவுன் காலத்தில் நாங்களும் உலைக் கட்டடத்துக்குள் போவோம். வரைபடத்தில் நேராக ஓடும் குழாய், அங்கே போய்ப் பார்த்தால் தூணைச் சுற்றி வளைந்து கிடக்கும். அளவெடுத்து வந்து வரைபடத்தைத் திருத்த வேண்டும். மார்பில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ், பையில் அதையே அளக்கும் பென் டோசிமீட்டர், வெளியே வந்ததும் பதிவேட்டில் அன்றைய அளவு. 1991 முதல் 1993 வரை அப்படிப் பலமுறை போய்வந்தேன்.

இப்போது என் இரத்த அணுக்களின் எண்ணிக்கை சற்றே குறைந்திருக்கிறது. காரைக்குடியில் நான் பார்க்கும் மருத்துவர், அந்த மூன்று ஆண்டுகளின் விவரம் கிடைக்குமா என்று கேட்டார். உலையால் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இழப்பீடு கேட்கவில்லை, வழக்குப் போடவில்லை. கேட்டது ஒரு பக்கக் கணக்கு. அதற்கு நான்கு கடிதங்கள், ஒன்பது மாதங்கள்.

சி.டி. வந்துவிட்டது, அதைப் போட இடம் வேண்டுமே. செக்காலை சாலையில் ஒரு கணினிக் கடைப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முனீஸ்வரன் கோவில் தெருவில் கேட்டுப் பாருங்கள் ஐயா” என்றான். கேலியாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னான். வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பகுதியின் பெரிய வீடுகளிலிருந்து கழற்றிய நிலைக்கதவுகளும் எனாமல் தூக்குகளும் மரப்பெட்டிகளும் விலைக்கு வந்து குவியும் தெரு அது. அணு உலைக்குள் நான் வாங்கிய கதிர்வீச்சின் கணக்கும் அந்தத் தெருவுக்கு உரிய சரக்காகிவிட்டது.

கடைசியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் சி.டி. போடுகிற பழைய கணினி இருந்தது. ஓடியது. உள்ளே ஒரே ஒரு கோப்பு. திறந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. யூனிகோடு பரவும் முன் ஆளுக்கோர் எழுத்துரு வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா என்பதும் ஆடு என்பதும் ஒரே மாதிரி அலங்கோலமாகத் தெரியும். நாங்கள் இழந்தது விழா மலரும் கவிதையும். நீங்களோ அணு உலை நடத்துகிறீர்கள்.

எதிர்வீட்டுப் பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் கோப்பின் பெயரில் வால்போல இருந்த மூன்று எழுத்துகளைப் பார்த்து, “தாத்தா, இது டிபேஸ்” என்றாள். 1980களிலும் 90களிலும் அலுவலகங்களில் புழங்கிய தரவு மென்பொருள். யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளக்கூடிய லிப்ரே ஆபிஸில் அதைத் திறந்துவிட்டாள். உங்கள் கடிதம் சொன்ன ‘திறக்க இயலாத நிலை’ இருபது நிமிடங்களில் முடிவுக்கு வந்தது. காபி ஆறவில்லை.

திறந்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே இருந்தது என் கணக்கு மட்டுமல்ல. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர், பணியாளர் எண், கதிர்வீச்சு அளவு. உங்களால் திறக்க முடியவில்லை. திறக்காததால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாததால் மொத்தத்தையும் ஒரு தகட்டில் எழுதிப் பதிவுத் தபாலில் ஒரு கிழவனுக்கு அனுப்பிவிட்டீர்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பு. என் வரியைத் தவிர வேறெதையும் நான் படிக்கவில்லை, அந்தப் பெண்ணையும் படிக்கவிடவில்லை. அவள் கணினியில் பிரதி இல்லை.

என் வரியில் 1992க்கு நேரே இருந்த எண் 240. அலகு எதுவும் இல்லை. மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது கதிர்வீச்சை அளக்கும் இன்றைய அலகான மில்லிசீவர்ட் என்றால், நம் நாட்டில் ஒரு பணியாளர் எந்த ஓராண்டிலும் தாண்டக்கூடாத 30 மில்லிசீவர்ட்டைப்போல் எட்டு மடங்கு. பழைய அலகான மில்லிரெம் என்றால் வெறும் 2.4 மில்லிசீவர்ட், பேசாமல் வீட்டுக்குப் போகலாம். அந்த நாளில் நாங்கள் மில்லிரெம்மில்தான் எழுதினோம் என்று எனக்கு நினைவிருக்கிறது. எழுபத்திரண்டு வயதுக்காரனின் நினைவை மருத்துவர் எந்தக் கோப்பில் வைப்பார்? கோப்பில் அடுத்த நெடுக்குப் பத்தியின் தலைப்பு ‘டி2’. கனநீர் உலைகளில் உடலுக்குள் போகும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தைச் சிறுநீர்ப் பரிசோதனையில் அளந்து தனியே சேர்ப்பார்கள். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்கடுத்து, பணிக்குறியீடு 41. அந்தக் குறியீடுகளின் பட்டியல் எனக்கு நன்றாக ஞாபகம்: தட்டச்சு செய்த ஒற்றைத் தாள், பதிவு எழுத்தரின் நாற்காலிக்குப் பின்சுவரில் ஒட்டியிருக்கும். அந்த எழுத்தர் காலமாகிவிட்டார். சுவருக்கு இந்நேரம் எத்தனை முறை வெள்ளையடித்தீர்களோ.

ஆக, தகடு கெடவில்லை, கோப்பும் கெடவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்விட்டோம்.

பணியாளரின் கதிர்வீச்சுப் பதிவை அவருக்கு 75 வயது ஆகும் வரையிலும், வேலையை விட்டு 30 ஆண்டுகளுக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரம். என் கணக்கில் அது 2043. நான் இருக்கிறேனோ இல்லையோ, அந்தக் கோப்பு இருக்க வேண்டும். இருக்கும் என்றே நம்புகிறேன், பத்திரமாக, அலகில்லாமல்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உங்களிடம் உள்ள ஒவ்வொரு மின்னணு ஆவணத் தொகுப்பையும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை திறந்து, அதை உருவாக்காத ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, புரிந்ததா இல்லையா என்று எழுதி, பெயர்போட்டுக் கையொப்பமிட்டு அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.

அது ஏன் மூன்றாண்டு என்று கேட்பீர்கள். என் தாத்தா பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். கடையை நடத்தும் மேலாளின் பணித் தவணை மூன்று ஆண்டு. தவணை முடிந்து புது ஆள் கப்பலில் வந்து இறங்கியதும், பழையவரும் புதியவரும் பேரேட்டை நடுவில் வைத்து எதிரெதிரே உட்காருவார்களாம். ஐந்தொகை எடுத்து, பற்று வரவு ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்து, புதியவர் ‘புரிந்தது, ஏற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் பழையவர் ஊருக்குத் திரும்பலாம். ஒரு வரி புரியவில்லை என்றால் கப்பல் போய்விடும், அவர் போக முடியாது. அந்தப் பேரேடுகளில் பல பிறகு எடைக்குப் போய்ப் பொட்டலம் மடிக்க உதவின என்பதும் உண்மை. எங்கள் ஊரில் கரையான் தின்ற ஓலைச்சுவடிக்கும் குறைவில்லை. ஓலையின் பெருமை பாட நான் வரவில்லை. புரியாத வரியை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுக் கிளம்ப முடியாது என்ற அந்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன்.

இப்போது இருக்கும் ஏற்பாடு எதைப்போல என்றும் சொல்லிவிடுகிறேன். கண்டனூரிலும் கானாடுகாத்தானிலும் தெருவை அடைத்து நிற்கும் வளவுகளை, அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பூட்டு கெட்டியானது. பதினாறு பங்காளிகளிடமும் ஆளுக்கொரு சாவி இருக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து மழை கொட்டும்போது, ஏணி வைத்து ஏற ஒருவர் இருக்கமாட்டார். உங்கள் கடிதத்தில் ‘கணினிப் பிரிவு’, ‘சுகாதார இயற்பியல் பிரிவு’, ‘ஆவணப் பிரிவு’ என்று மூன்று பிரிவுகளுக்கு நகல் அனுப்பியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சாவிக்கொத்துதான் நினைவுக்கு வந்தது.

வெளிநாடுகளில் எல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது என்று சொல்லமாட்டேன். ஜெர்மனியின் ஆஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 பீப்பாய் அணுக்கழிவைப் போட்டார்கள். சுரங்கத்துக்குள் நீர் கசிகிறது, திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, எந்தப் பீப்பாயில் என்ன என்பதற்கான பதிவுகள் முழுமையாக இல்லை. இங்கிலாந்தில் 1086இல் எழுதிய நிலப் பதிவேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டுக்காக 1986இல் பிபிசி லேசர் தகட்டில் எடுத்த புதிய பதிப்பைப் பதினைந்து ஆண்டுகளிலேயே படிக்க ஆளும் கருவியும் தேட வேண்டியதாயிற்று. பிரான்ஸில் மான்ஷ் கழிவுக் கிடங்கை 1994இல் நிறுத்திவிட்டார்கள். அதை 300 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பதால், நீடித்து உழைக்கும் தாளில் ஆவணங்களை இரண்டு தொகுதியாக அச்சிட்டு, ஒன்றைக் கிடங்கிலும் மற்றொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைத்தார்கள். கழிவில் இருக்கும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. பத்துமுறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வரும். அதற்கு 300 ஆண்டு. புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 ஆண்டு. அவ்வளவு தூரத்துக்கு நான் வரவில்லை ஐயா. நான் கேட்டது முப்பத்துச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய ஒரு வரியை.

வாய் திறந்த பிறகு இதையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. நான் ஓய்வுபெறும் காலத்தில் எங்கள் வரைபடங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ‘முழு டிஜிட்டல்மயம்’ என்று விழா எடுத்தீர்கள். இனிப்பு நன்றாக இருந்தது. ஸ்கேன் செய்தவர்கள் பெரிய தாள்களைக் கருவிக்குள் அடக்குவதற்காக ஓரத்தை மடித்தார்கள். பல வரைபடங்களில் வலது கீழ்மூலை வரவில்லை. திருத்த எண்ணும் தேதியும் சரிபார்த்தவர் கையெழுத்தும் அந்த மூலையில்தான் இருக்கும் என்பது முதல் நாள் வேலைக்கு வரும் பயிற்சியாளருக்கும் தெரியும். அதைச் சொல்லப் போனபோது, “படம் தெளிவாக இருக்கிறதல்லவா” என்றார்கள். அந்த உலையை ஒரு நாள் கலைக்கத்தான் போகிறீர்கள். அன்று குழாயை அறுக்கப் போகும் இளைஞன் கையில் இருப்பது தூணைச் சுற்றி வளைந்த படமா, நேராக ஓடும் படமா? அந்த வளைவை அளந்து வருவதற்காகத்தான் நான் அந்த 240ஐ வாங்கினேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். உங்களில் பலர் எனக்குப் பின் வந்த பிள்ளைகள். ஆட்குறைப்புக்கும் சுற்றறிக்கைக்கும் நடுவில் வேலை பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: மூன்றாண்டுக்கு ஒருமுறை திறங்கள், வேறொருவரைப் படிக்கவிடுங்கள், பெயர்போட்டு ஒப்படையுங்கள். குறியீட்டுப் பட்டியலையும் அலகையும் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதிவையுங்கள், சுவரில் ஒட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய சி.டி. என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. முந்நூறு பேரின் கணக்கை மறுபடி தபாலில் விட எனக்கு மனமில்லை. அடையாள அட்டையோடு ஒருவரை அனுப்பிப் பெற்றுக்கொள்ளுங்கள். மதியம் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வருகிறவர் ரசீது எழுதித் தர வேண்டும். அதில் கோப்பின் பெயர், பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, 240க்கு அலகு என்ன, பணிக்குறியீடு 41 என்பது எந்த வேலை என்றும் எழுதிக் கையொப்பமிட்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர்,
கண்டனூர்