காசிமேட்டிலும் ரசிகர்கள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாடகாசிரியரும் நகைச்சுவை நடிகருமான கிரேசி மோகன் 10.06.2019 அன்று மறைந்ததைக் குறித்த அஞ்சலிகள் பெரும்பாலும் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் துயரத்தையே பேசின. சபா வாசலை மிதித்தறியாத பலர் வாழும் வட சென்னையின் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அவருக்கு ரசிகர்கள் உண்டு. அவர் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் சாம்பாருக்குள் மீன் விழும் காட்சிக்கு, மீன் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் பகுதியினரைவிட அதிகமாகச் சிரித்தவர்கள் இருப்பார்களா என்பது ஐயமே. நாடகங்களில் ஆபாசத்தை நாடாமல், சொல்லோடு சொல்லை மோதவிட்டே அரங்கைக் குலுங்கவைத்த அவர், பொறியியல் படித்தவர், வெண்பாவும் எழுதியவர். அவருடைய குழுவினர் வட சென்னையில் ஒரு மாலையேனும் நாடகம் நடத்த முன்வர வேண்டும். கட்டணம் மட்டும் எங்கள் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.