தொட்டியின் அடித்தளத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலோரக் கிணறுகளில் கழிவுநீர் கலப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியை யாரிடம் கட்டக் கொடுக்கிறோம் என்பதில்தான் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி இருக்கிறது. தொண்டி முதல் மண்டபம் வரை பெரும்பாலும் மணற்பாங்கான நிலம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். இங்கே அடியில் கான்கிரீட் போடாமல் சிமென்ட் உறைகளை இறக்கி மூடியைப் போட்டுவிட்டு, செப்டிக் டேங்க் என்று ஒப்படைக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கிணறு நாறத் தொடங்கியதும் லாரி வைத்துக் கழிவை உறிஞ்சிப் பார்த்தோம். உறைகளின் இணைப்பில் பூச்சே இல்லை. அடியில் கறுத்த மணல்தான் கிடந்தது. கூலி குறைவு என்று அமர்த்திய ஒப்பந்ததாரர் அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

ஒப்பந்ததாரரை அமர்த்தும் முன், அவர் கட்டிய பழைய தொட்டிகள் மழைக்காலத்தைத் தாங்கினவா என்று அந்த வீடுகளிலேயே விசாரிக்க வேண்டும். கான்கிரீட் தளம், தடுப்புச்சுவர், உட்பூச்சு, காற்றுக்குழாய் எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். சுத்தம் செய்யவோ பழுதுபார்க்கவோ ஆளை உள்ளே இறக்குகிறேன் என்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். மண் மூடுவதற்கு முன் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு நாள் கழித்து மட்டம் இறங்குகிறதா என்று உள்ளாட்சி ஊழியர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்றுக்குப் பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.

– வாசகர், தேவிபட்டினம்