விளக்கம் சொல்லாமல் உடன் உட்கார்ந்தவர்களுக்கு

அன்புடையீர்,

மனம் இடிந்து வந்தவர்களுக்குத் துணையாக எங்கள் மாலை அமர்வுகளில் உட்கார்ந்த அனைவருக்கும் வணக்கம்.

"கடவுள் ஏன் எனக்கு இப்படிச் செய்தார்?" என்று கேட்டவரிடம் நீங்கள் விளக்கம் சொல்லவில்லை. முதல் நன்றி அதற்குத்தான். பைபிளில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் புண்ணைக் கிளறினார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்பது ஆறுதலாகத்தான் புறப்படுகிறது. அழுகிறவர் காதில் "போதும், நிறுத்து" என்று விழுகிறது. நாற்காலியை நேருக்கு நேர் போடாமல் சற்றுப் பக்கவாட்டில் போட்டீர்களே, அதனால் எத்தனை பேர் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழ முடிந்தது!

சாப்பாடு கொண்டுவந்தவர்களே, உங்கள் பணி பக்திக்கு வெளியே இருப்பதல்ல. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த பைபிளின் தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கமும் உணவும் இல்லாத உடம்பில் எந்த மந்திரமும் ஒட்டாது.

ஒரு வரிப் பிரார்த்தனையைக் கற்றுக்கொடுத்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவரவருக்குப் பழகிய ஒரே ஒரு வரி. மூச்சை இழுக்கும்போது பாதி, விடும்போது மீதி. மூன்று நிமிடம் போதும். தினமும் அதே இடம், அதே நேரம். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காருகிறவர் பெரும்பாலும் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார். பிறகு, "பிரார்த்தனைகூட என்னால் முடியவில்லை" என்ற குற்றவுணர்ச்சி பழைய துயரத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. மனம் அலைந்தால் திட்டிக்கொள்ளாமல் அடுத்த மூச்சில் வரியைத் திரும்பப் பிடிக்கச் சொன்னீர்கள். "ஒன்றுமே தோன்றவில்லை" என்றவரிடம், "உட்கார்ந்தீர்கள் அல்லவா, இன்றைக்கு அதுதான் கணக்கு" என்றீர்கள். வறண்ட நாள்களைத் தோல்வி என்று எண்ணாதவர்தான் நிலைக்கிறார்.

வாசிப்பதற்குப் பகுதிகளைத் தேர்ந்தவர்கள் வெற்றிப் பாடல்களை ஒதுக்கிவைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம், அதாவது அர்ஜுனனின் துயர யோகம். கலங்கி வில்லை நழுவவிட்டதும் அங்கே யோகம்தான். அப்பரின் முதல் பதிகம் சூலை நோயின் வலியில் எழுந்த முறையீடு. பைபிளின் 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை விடியாமலே நிற்கிறது. புலம்பலும் வழிபாடுதான் என்று தெரிந்த பிறகு, கோயிலையோ சபையையோ பள்ளிவாசலையோ விட்டு விலகியவர்கள் தங்கள் கோபத்தோடேயே திரும்பி வர முடிகிறது.

மருத்துவர்களுக்கும் எங்கள் நன்றி. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீங்காமல், எதிலும் ஈடுபாடின்றி, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அதை நம்பிக்கைக் குறைவு என்று விட்டுவிடக் கூடாது. சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். "பிரார்த்தனையே போதும்" என்று மருந்தை இடையில் நோயாளிகள் தாங்களாக நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அதை ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் தடுத்தீர்கள். "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்றும், ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்தி, உடனே உதவிக்கு அழைக்க வேண்டும் என்றும் எங்கள் துணையாளர்களைப் பழக்கியது நீங்கள்தான்.

சாவு நடந்த வீட்டுக்கு மூன்றாம் மாதத்துக்குப் பிறகும் வந்தவர்களை எப்படிப் பாராட்டுவது! துக்கம் கேட்க வந்த கூட்டம் கலைந்து, வீடு அமைதியாகும் அந்த நேரத்தில்தான் நம்பிக்கை அதிகம் தள்ளாடுகிறது. இறந்தவரின் பிறந்த நாளையும் நினைவு நாளையும் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முந்தின மாலையே போன் செய்து, "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கும் நன்றி.

அன்புடன்,
மாலை அமர்வை நடத்துபவர்கள்