மழைக்குப் பள்ளிக்கூடம் மூடுவதென்றால் விடியுமுன் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் திருகோணமலை மாவட்டத்துப் பெற்றோருக்குக் காலையில் ஒரே கேள்விதான்: இன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா, இல்லையா? ஆறு மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் யாராவது "லீவாம்" என்று போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் "அது மட்டக்களப்புக்கு" என்பார். ஏழு மணிக்கு அதிபருக்கு அழைத்தால் தனக்கு இன்னும் அறிவித்தல் வரவில்லை என்பார். ஏழேகாலுக்குப் பிள்ளை நனைந்த சப்பாத்தோடு ஓட்டோவில் ஏறிய பிறகு அறிவித்தல் வரும். அதற்குள் தாய் கூலி வேலைக்குப் போயிருப்பாள். வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மூதூர், வெருகல் பக்கத்துப் பாடசாலைகளில் நீண்ட காலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மழைக்குப் பாடசாலையை மூடுவதா வேண்டாமா என்று இங்கே எழுத வரவில்லை. அந்த முடிவை யார் எடுப்பது, எத்தனை மணிக்கு எடுப்பது என்ற இரண்டு விடயங்களும் மாற வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் மகனின் குடும்பம் கனடாவில், வட ஒன்ராறியோவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. ஒரு பனிக்காலத்தை அவர்களோடு அங்கே கழித்தேன். பிள்ளைகளில் பலர் தூரத்துக் கிராமங்களிலிருந்து மஞ்சள் பஸ்ஸில்தான் பாடசாலைக்கு வருவார்கள். பனி கொட்டும் நாளில் பஸ் நடத்துபவர்கள் விடியுமுன்னே வீதியின் நிலைமையைப் பார்த்துவிடுகிறார்கள். காலை ஆறு, ஆறரைக்குள் முடிவு வானொலியிலும் இணையத்திலும் வந்துவிடும். முழு மாவட்டத்துக்கும் ஒரே முடிவு என்பது கிடையாது. இந்தப் பகுதிக்கு பஸ் ஓடாது, அந்தப் பகுதிக்கு ஓடும் என்று பிரித்துச் சொல்வார்கள். பஸ் ஓடாத நாளிலும் பாடசாலை பெரும்பாலும் திறந்தே இருக்கும். பக்கத்தில் உள்ள பிள்ளைகள் நடந்து வருவார்கள். வீதி சரியில்லை என்று தாய் தகப்பன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் அதைக் குற்றமாக எடுப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அங்கே வானம் நீலமாய், வெயில் பளிச்சென்று எறிக்கும் நாளிலும் பஸ்ஸை நிறுத்தியதைப் பார்த்தேன். காற்றோடு சேர்ந்த குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையைத் தாண்டினால் மூடாத தோல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துபோகக்கூடும். அப்படியான நாளில் பஸ் வராமல் பிள்ளை தெருவோரத்தில் காத்து நிற்பது எவ்வளவு ஆபத்து! வானத்தைப் பார்த்து அவர்கள் முடிவெடுப்பதில்லை, பிள்ளை வந்து போகும் வழியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். (பேத்திக்கு இதெல்லாம் கவலையில்லை. இரவு உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு படுத்தால் மறுநாள் பனி விழுந்து லீவு கிடைக்கும் என்று அங்கத்தைய பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை. அவளும் அப்படியே போட்டுக்கொண்டு படுப்பாள்.)

இதை வெருகலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் வெள்ளம் மழையோடு வருவதில்லை. மலைநாட்டிலும் பொலன்னறுவைப் பக்கத்திலும் பெய்த மழை மகாவலி கங்கையில் இறங்கி, மனம்பிட்டியைத் தாண்டி, கிளை பிரிந்து ஒரு பக்கம் வெருகலுக்கும் மறுபக்கம் கொட்டியாரக்குடாவுக்கும் வந்து சேர நேரம் எடுக்கும். இங்கே மழை விட்டு வானம் வெளித்த பிறகுதான் கங்கை ஏறும். திருகோணமலைப் பட்டினத்தில் இருப்பவருக்கு இது விளங்குவது கடினம். அங்கே மணல் தரை. மழை ஓய்ந்தால் வீதித் தண்ணீர் கெதியில் வடிந்துவிடும். அதனால் பட்டினத்தில் வெயில் எறித்ததும் மாவட்டம் முழுவதும் பாடசாலை திறந்துவிடும். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் அப்படித் திறந்த ஒரு காலையில், புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகள் தாம்போதியை (தண்ணீர் மேலால் பாயும் தாழ்வான வீதியை) கடந்து வந்தார்கள். முந்தைய நாள் கொட்டும் மழையில் அதே தாம்போதியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அன்று பாடசாலை மூடியிருந்தது.

மனம்பிட்டியில் ஆற்று நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளந்துகொண்டே இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறினால் பிறகு எங்கே வரும் என்பது வெருகலில் வயல் செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கங்கை பெருகி மூதூர், வெருகல், சேருவில எல்லாம் தண்ணீருக்குள் நின்றதை மறக்க முடியுமா? அந்த நீர்மட்ட விபரம் வலயக் கல்விப் பணிப்பாளரின் கைக்கு முதல் நாள் பின்னேரமே போக வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பிள்ளைகள் வந்த பிறகு இடைநடுவில் பாடசாலையைக் கலைப்பது. பத்தரை மணிக்கு மணி அடித்து வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். காலையில் வந்த வழி அப்போது வழியாக இருக்காது. ஏற்றிவந்த வாகனம் ஒன்றரைக்குத்தான் திரும்ப வரும். பெரிய வகுப்புப் பிள்ளை சின்னதின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் நடந்தது அம்பாறை மாவட்டத்துக்கு மட்டும் உரிய துயரம் இல்லை. மதரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. உயிர் போனவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள். அந்தச் செய்தியை வாசித்த இரவு நான் தூங்கவில்லை. வழியில் தண்ணீர் ஏறிவிட்டதென்றால் பிள்ளைகளைப் பாடசாலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் உயரத்தில் இருக்கிறது, கூரை இருக்கிறது, ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடசாலை உணவும் வருகிறது. தாய் தகப்பன் வந்து கையில் பிடித்துக் கூட்டிப்போகும் வரை ஆசிரியர் உடன் இருக்கலாம். நாங்கள் இருந்திருக்கிறோம்.

பாடசாலையை மூடுவதற்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பாடசாலை உணவை நம்பியிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூலிக்குப் போகும் தாய்க்கு அன்றைய சம்பளம் போய்விடும். இடம்பெயர்ந்தவர்கள் பாடசாலையில் தங்கினால் தண்ணீர் வடிந்த பிறகும் வகுப்பு நடக்காது. ஆகவே குச்சவெளியில் காற்று அடிக்கிறது என்பதற்காகக் கந்தளாயில் பாடசாலையை மூட வேண்டியதில்லை. மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. மூதூர் வலயத்துக்குள்ளேயே மூதூர் பட்டினம் வேறு, வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்று வேறு. வலயத்துக்குள் இருக்கும் கோட்ட மட்டத்தில் முடிவெடுத்தால்தான் சரியாக வரும்.

புயலென்றால் கதை வேறு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கரையில் ஏறியபோது, வடக்கு கிழக்குப் பாடசாலைகளை முன்கூட்டியே மூடினார்கள். அது சரியான முடிவு. புயலுக்குப் பெயர் இருக்கிறது, கொழும்பிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தாம்போதியில் ஏறும் தண்ணீருக்குப் பெயர் இல்லை. அது கிராம அலுவலருக்கும் அதிபருக்கும் படகோட்டிக்கும்தான் தெரியும்.

அதிபர்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலைமை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தானாக மூடினால் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வருமோ என்ற பயத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியர்கள் வழியில் நின்றுவிடும் நாளில், நூறு பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களுமாக அந்த அதிபர் தனியே அல்லாடுவார். அவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். பிரதேச செயலகத்தோடும் கிராம அலுவலரோடும் பேசி, வழி பாதுகாப்பில்லை என்று கண்டால், மூடும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

மாகாணக் கல்வித் திணைக்களம் எங்கள் பட்டினத்திலேயே இருக்கிறது. அடுத்த ஒக்டோபருக்கு முன் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். முடிந்தவரை முதல் நாள் இரவு எட்டு மணிக்குள், இல்லையென்றால் காலை ஐந்தரைக்குள் முடிவு; அதற்குப் பிறகு அன்றைக்கு மாற்றம் இல்லை. முடிவு வலயத்தின் ஒரே இலக்கத்திலிருந்து அதிபருக்கும், அதிபரிடமிருந்து பெற்றோருக்கும், பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிக்கும் போகட்டும். ஸ்மார்ட் போன் இல்லாத வீடுகள் ஈச்சிலம்பற்றில் இன்னும் இருக்கின்றன. வெள்ளத்தால் வராத பிள்ளைக்கு வரவுப் பதிவேட்டில் தனிக் குறியீடு போட வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு 80 வீத வரவு கேட்கிறார்கள். தாம்போதிக்கு அந்தப் பக்கம் பிறந்ததற்காக ஒரு பிள்ளை அதில் குறைந்துபோகக் கூடாது. மாரிக்கென்று சில நாட்களை ஆண்டு நாட்காட்டியிலேயே ஒதுக்கி வைத்துவிட்டால், பிறகு சனிக்கிழமைகளில் அவசரமாக ஈடுசெய்ய வேண்டி வராது. வட அமெரிக்காவில் பல இடங்களில் பனிக்கென்று அப்படித்தான் ஒதுக்குகிறார்கள்.

பனி அள்ளும் வண்டியோ மஞ்சள் பஸ்ஸோ நான் கேட்கவில்லை. மேலே சொன்னவற்றில் பெரிய செலவு பிடிப்பது ஒன்றும் இல்லை. வலயப் பணிப்பாளர்கள் ஐந்து பேரும் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் கூப்பிட்டு ஒரு நாள் இருந்து பேசினால் முடிந்துவிடும். வெருகலில் எந்தத் தாம்போதி முதலில் மூழ்கும் என்று வரைபடத்தில் காட்டுவதற்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.