பி.ஆர்க் படிப்பும் முதல் சம்பளமும்

ஐயா,

பொறியியல் நான்கு வருடம், பி.ஆர்க் எனும் கட்டிடக்கலைப் படிப்பு ஐந்து. நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி என் மகள் சேர்ந்தபோது கல்லூரிக் கட்டணத்தை மட்டும்தான் கணக்குப் போட்டோம். மாடல் செய்ய அட்டை, பெரிய தாளில் பிரிண்ட், நல்ல லேப்டாப் எல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அவள் சிந்திய பசை இன்னும் சாப்பாட்டு மேசையில் காய்ந்து கிடக்கிறது. படிப்பை முடித்து, 1972 கட்டிடக்கலைஞர்கள் சட்டப்படி பதிவும் செய்தாயிற்று. சேலம் ஐந்து ரோடு பக்கம் வேலை. முதல் சம்பளம் எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரின் மாத வருமானத்தைவிடக் குறைவு. (அவர் கூலியைக் குறை சொல்லவில்லை.) ஏற்காட்டில் பங்களா கட்டுகிறவர்கூட, "பிளான்தானே, சும்மா ஒரு கோடு போட்டுக் கொடும்மா" என்கிறார். கல்லூரிகள் சேர்க்கையின்போதே முதல் சம்பளம் எவ்வளவு என்பதையும் எழுதி ஒட்டட்டும்.

- ஒரு தந்தை, அஸ்தம்பட்டி, சேலம்