புல்வெட்டும் மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கள்: நம் குடியிருப்புத் தாமானின் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

ஆயர் ஈத்தாமில் நம் தாமான் தலைவருக்கும் செயலவை அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

திடலை ஒட்டிய லோங்காங் (வடிகால்) ஓரம் முழுக்க மஞ்சள் பூவோடு பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கிறதே, அந்தக் கொடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. நர்சரியில் கேட்டால் வெடேலியா என்பார்கள். மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் செடி. தரையை மூடும் அழகுச்செடி என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் நட்டார்கள். இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் எங்கள் லோரோங்கில் (சந்தில்) ஒரு பாட்டி, தலைக்கு எண்ணெய் காய்ச்ச இதைக் கை நிறையப் பறித்துக்கொண்டிருந்தார், கரிசலாங்கண்ணி என்று நினைத்து. அவர் மேல் தப்பில்லை, மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இதுவும் ஒரே பேரினம், பூவும் அச்சு அசல் அப்படியே இருக்கும். இலையைத்தான் பார்க்க வேண்டும். கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும். இதன் இலை தடித்துப் பளபளவென்று, இரண்டு பக்கமும் காது முளைத்தாற்போல் மூன்று மடலாக இருக்கும். எல்லா இலையிலும் காது தெரியாது, நாலைந்து இலையைப் புரட்டிப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதாமாதம் குத்தகையாளரின் ஆள் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து வெட்டிவிட்டுப் போகிறார், சொன்ன வேலையைச் செய்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கொடி விதையை நம்பிப் பிழைப்பதில்லை. கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கணு உள்ள துண்டு ஈரமண்ணில் விழுந்தால் போதும். மெஷின் அதைத் துண்டு துண்டாக்கித் திடலெல்லாம் இறைக்கிறது, மிச்சம் லோங்காங்கில் விழுந்து மழைத்தண்ணீரோடு அடுத்த லோரோங்குக்குப் போகிறது. காசு கொடுத்து நாற்று நடுகிறோம், வேறென்ன?

என் வேலிக்குள் வந்ததும் அப்படித்தான். செம்பருத்தி அடியில் எட்டிப் பார்த்தது, அப்புறம் பொன்னாங்கண்ணிப் பாத்தியையே காணோம். கையால் இழுத்தால் அறுந்து வேர் உள்ளேயே நின்றுவிடுகிறது. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது மண்வெட்டியால் கிளறி வேரோடு எடுத்து, கறுப்புப் பையில் இறுகக் கட்டி, அழுகும் வரை வெயிலில் போட்டேன். முதல் தடவை உரக்குழியில் கொட்டித் தொலைத்தேன், குழியே பூத்துவிட்டது! அதற்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குனிந்து தேட வேண்டியிருந்தது. மருந்தடிக்கலாமே என்பீர்கள். பிள்ளைகள் உருண்டு விளையாடும் இடம், எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் அந்த ஓரத்துக்கு மட்டும் மெஷின் வேண்டாம் என்று குத்தகையாளரிடம் சொல்லுங்கள். எல்லாரும் சேர்ந்து வேலை செய்யும் அடுத்த கொத்தோங் ரோயோங்கில் கையால் தோண்டி எடுப்போம், எடுத்த இடத்தில் அன்றைக்கே புல் பத்தை பதித்துவிடுவோம். நுழைவாசல் வளைவுக்குக் கீழே அழகுக்கு இதையே நடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்ததாம், அதையும் தயவுசெய்து கைவிடுங்கள். என்னிடம் இரண்டு மண்வெட்டி இருக்கிறது, பைகளையும் நானே கொண்டுவருகிறேன்.