ஒற்றை பாட்டில் அலமாரியை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் அமெரிக்க மதுக்கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆறு வகை பீரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு வாங்குவது காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்கிற மாதிரி அதில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கத்தில், 16 வருடமாக இருக்கிறேன். மாதத்துக்கு ஒன்று அந்தப் பெட்டியை வாங்குகிறவன். நான் பணக்காரன் இல்லை. பிடிக்காத ஒன்றை மொத்தமாக வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால்தான் ஒவ்வொன்றாக வாங்குகிறேன்.

குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்கிறவர்கள் எப்படிக் குடிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

இங்கே இத்தனை வகை எப்படி வந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம் இல்லை என்று ஆனது. அப்போது நாடு முழுக்க இருந்த பீர் ஆலைகள் நூறுக்கும் குறைவு. அடுப்படியிலும் கார் ஷெட்டிலும் காய்ச்சிப் பழகியவர்கள் பலர் பிறகு சொந்தமாகச் சின்ன ஆலை போட்டார்கள், இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல் இருக்கிறது. இத்தனை பேர் காய்ச்சுகிறார்கள் என்றால் ஒருவர் எதை நம்பி ஆறு பாட்டில் வாங்குவது? பேரையும் லேபிளையும் பார்த்து ருசி தெரியாது. ஒன்று வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் மாநிலத்தில் அந்த ஒன்றை வாங்குவதே முன்பு பெரிய பாடு. 1933-இல் மதுவிலக்கு முடிந்தபோது பென்சில்வேனியா ஒரு வாரியம் அமைத்து விஸ்கி, பிராந்தி வகையறாவை அரசுக் கடையில் வைத்துக்கொண்டது, நம் ஊர் டாஸ்மாக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பீருக்கு மட்டும் தனி வழி. டிஸ்ட்ரிபியூட்டர் என்று கோடவுன் போல ஒரு கடை இருக்கும், அங்கே போனால் 24 கொண்ட முழு கேஸ்தான், பிரித்துத் தர மாட்டார்கள். ஆறு வேண்டும் என்றால் பாருக்கோ உணவகத்துக்கோ போய்க் கூடுதல் விலை கொடுக்க வேண்டும், அங்கேயும் ஒரு தடவைக்கு 192 அவுன்ஸ், அதாவது 12 அவுன்ஸ் பாட்டில் பதினாறுக்கு மேல் கிடையாது. 2015-இல் டிஸ்ட்ரிபியூட்டரில் 12 பாட்டில் பெட்டி வந்தது. 2016 நவம்பரில் ஆளுநர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்ட சட்டம் 2017 ஜனவரியில் அமலான பிறகுதான் ஒற்றை பாட்டில் கூட அங்கே விற்கலாம் என்று ஆனது. நான் வந்த புதிதில், பெயர் தெரியாத ஒரு பீரை ருசி பார்க்கும் ஆசையில் ஒரு முழு கேஸ் வாங்கி, முதல் பாட்டிலிலேயே பிடிக்காமல் போய், மீதி இருபத்து மூன்றை வீட்டுக்கு வந்தவர் போனவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தேன். அதனால்தான் ஒற்றை பாட்டில் விற்கும் அலமாரியை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

போன வருடம் விருதுநகரிலிருந்து மச்சான் வந்திருந்தார். மளிகைக் கடை வைத்திருக்கிறவர், முப்பது வருட அனுபவம். அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓரமாகத் தட்டையாக அடுக்கி வைத்திருக்கும் அட்டையை எடுத்து விரித்தால் அடிப்பக்கம் டப்பென்று விழுந்து பூட்டிக்கொள்ளும், ஆறு குழி, நடுவில் கைப்பிடி. அதைக் கையில் கொடுத்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். முதலில் விக்டரி ஆலையின் ப்ரைமா பில்ஸ் என்கிற பில்ஸ்னர் வகை பீர், இந்த மாநிலத்தில் டவுனிங்டவுனில் தொடங்கிய ஆலை, வெளிர் நிறம், கடைசியில் இதமான கசப்பு. அப்புறம் மெய்ன் மாநிலத்திலிருந்து வரும் அலகாஷ் வைட். சியரா நெவாடா பேல் ஏல் ஒன்று. எங்களுக்குப் பக்கத்து ஊரான ஹெர்ஷியில் காய்ச்சும் ட்ரோக்ஸ் ஆலையின் ட்ரோகனேட்டர் ஒன்று, கருஞ்சிவப்பு, மால்ட் என்கிற முளைகட்டிய தானியத்தின் இனிப்பு, ஆல்கஹால் எட்டு சதவீதத்துக்கு மேல். பாக்கி இரண்டு குழியை அவர் இஷ்டத்துக்கு விட்டேன், ஸ்டௌட் என்கிற கருப்பு பீர் ஒன்றும், ஐபிஏ என்கிற கசப்புத் தூக்கலான வகை ஒன்றும் எடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் ஒரு பாட்டிலை இரண்டு கிளாஸில் ஊற்றிப் பாதிப் பாதியாகக் குடித்தோம். அலகாஷைத் திறந்து ஊற்றியதும் அவர் கிளாஸை மூக்குக்கு அருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாப்ள, இதுல மல்லி போட்டிருக்கானா?" என்றார். லேபிளை எடுத்துக் காட்டினேன். பெல்ஜியம் நாட்டுப் பழைய கோதுமை பீர் வகை அது, கொத்தமல்லி விதையும் குராசோ ஆரஞ்சுத் தோலும் சேர்த்துக் காய்ச்சுவது. ராத்திரி பகலாக மல்லி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு லேபிள் எதற்கு? "வறுக்காத மல்லி" என்று அதையும் சொன்னார். ஸ்டௌட்டைக் குடித்துவிட்டு, அதிகமாக வறுபட்ட காபிக்கொட்டை வாசம் என்றார். அதில் காபி கிடையாது, கருக வறுத்த பார்லியின் வாசம். ஐபிஏ அவருக்குப் பிடிக்கவே இல்லை, வேப்பங்கொழுந்து மாதிரி இருக்கிறது என்று பாதியில் வைத்துவிட்டார். வாங்கியது ஒன்று என்பதால் அதோடு போயிற்று.

அன்று அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். "புதுச் சரக்க யார் கிட்டயும் மூட்டையாத் தள்ள முடியாது மாப்ள. அம்பது கிராம் பொட்டலம் போட்டுக் குடுத்தா வீட்டுக்குள்ள போயிரும், அப்புறம் அவங்களே கேட்டு வருவாங்க." இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் போட்டு விற்றதும் இந்தக் கணக்குதான். சின்ன ஆலைக்காரனுக்கு விளம்பரத்துக்குக் காசு இல்லை, அவனுக்கு இருக்கும் ஒரே விளம்பரம் அந்த ஒற்றை பாட்டில்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். சில கடைகள் இந்த அலமாரியைக் குப்பைத்தொட்டி மாதிரி நடத்துகின்றன. இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு கடையில் ஆறு எடுத்தேன், தேதி பார்க்கவில்லை, என் தப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று பழசு, அதில் ஒரு ஐபிஏ டப்பாவில் அடைத்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அந்த வகைக்கு உயிரே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசம்தான், இரண்டு மூன்று மாதத்தில் அது மங்க ஆரம்பித்துவிடும், டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஆக்சிஜன் மீதி வேலையைப் பார்த்துவிடும். நனைந்த அட்டையை மென்ற மாதிரி இருந்தது. திருப்பிக் கொண்டுபோனால், பிரித்து வாங்கினதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். விற்காமல் நின்றதையெல்லாம் பெட்டியை உடைத்து அந்த அலமாரியில் போட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால், முதல் தடவை ருசி பார்க்க வருகிறவன் அந்த ஆலையையே கெட்டது என்று நினைத்துக்கொண்டு போவான். காய்ச்சினவன் என்ன பாவம் செய்தான்?

அதனால் வாங்குகிறவர்கள் டப்பாவின் அடியைக் கவிழ்த்துப் பாருங்கள். இங்கே மாதம் முதலில் வரும், 03/04 என்றால் மார்ச் 4, ஏப்ரல் 3 இல்லை, நம்மவர்கள் நிறையப் பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள். சிலர் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று எண் போடுவார்கள், 145 என்றிருந்தால் மே 25. அடைத்த தேதியா, முடிகிற தேதியா என்பதையும் பாருங்கள். ஐபிஏ, பில்ஸ்னர் மாதிரியானவை புதிதாக இருக்க வேண்டும், கனமான ஸ்டௌட்டுக்குக் கொஞ்சம் வயது ஆனால் கெட்டுப்போகாது. பச்சை பாட்டிலும் கண்ணாடி போலத் தெளிந்த பாட்டிலும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாள்கணக்கில் நின்றிருந்தால் வேண்டாம், ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு முறிந்து ஒரு துர்நாற்றம் வரும், பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், டப்பாவுக்குள் வெளிச்சமே போகாது. மச்சான் அன்று கடையில் கையை உள்ளே விட்டுப் பின்வரிசையிலிருந்து எடுத்தார். "முன்னாடி நிக்கிறது எப்பவும் பழசு" என்றார், எந்த ஊர்க் கடையானாலும் அதுதான் வழக்கம் போல.

அளவையும் பார்க்கச் சொல்வேன். பாட்டில் 355 மில்லி, இப்போது பெருகிவிட்ட உயரமான டப்பா 473 மில்லி. ஐந்து சதவீத பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹாலைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் அதிகம் எட்டு சதவீத டப்பா ஒன்றில் இருக்கிறது. ஒன்றுதானே குடித்தேன் என்று வண்டிச் சாவியை எடுக்கிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுக்கி வாங்குகிற பழக்கம் வந்த பிறகு நான் குடிப்பது குறைந்தது என்பதும் உண்மை. ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, அதன் வாசம் என்ன, எந்த ஊர் என்று பார்த்து மெதுவாகக் குடிப்பதில் அடுத்ததைத் திறக்கத் தோன்றுவதில்லை.

இந்த உயரமான டப்பாக்கள் நான்கை ஒரு பிளாஸ்டிக் பிடியில் கோர்த்து 18 டாலர் வரைக்கும் விற்கிறார்கள், நம் காசுக்கு 1,500 ரூபாய்க்கு மேல். "பிரிக்காதீர்கள்" என்று பக்கத்தில் ஒரு சீட்டு. நான் போகும் கடையில் ஒற்றை அலமாரி முன்பு ஒரு சுவர் நீளம் இருந்தது, இப்போது மூன்று தட்டாகச் சுருங்கிவிட்டது. விலை ஏறின இந்த நேரத்தில்தான் ஒன்று வாங்கிப் பார்க்கும் வழி அதிகம் தேவைப்படுகிறது, அதைப் போய்ச் சுருக்குகிறார்கள்.

உங்கள் பத்திரிகையை நியூஜெர்சியிலும் இங்கேயும் இணையத்தில் படிக்கிறவர்களில் கடை வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: புதிதாக வந்த கேஸில் ஒன்றை நீங்களே உடைத்து அந்த அலமாரியில் வையுங்கள், தேதி தாண்டியதை எடுத்துவிடுங்கள், ஒன்றுக்கு ஐம்பது சென்ட் கூடுதலாகப் போட்டாலும் கொடுக்கிறோம். என் கடைக்காரரிடம் போன வாரம் இதையே சொன்னேன். மூன்றாவது தட்டில் இருந்த பழைய டப்பாக்களை என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டு, அங்கே எதை வைக்கட்டும் என்று கேட்டார். ஹெர்ஷியின் ட்ரோக்ஸ் ஆலைக்காரர்கள் கிறிஸ்துமஸ் சீசனுக்காகத் தேனும் செர்ரிப் பழமும் போட்டுக் காய்ச்சும் மேட் எல்ஃப் வரும்போது ஒற்றையாக வையுங்கள், பதினோரு சதவீதம், யாருக்கும் ஒன்றுக்கு மேல் தேவைப்படாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா